வாடகைத் தளத்துக்கு மட்டமான டைல்ஸ் போதுமா?

கேள்வி: கோவையில் முதன்முறையாக வீடு கட்டுகிறோம். கீழ்த்தளம் 700 சதுர அடி, வாடகைக்கு விடப்போகிறோம். அதே அளவுள்ள மாடியில் நாங்கள் குடியிருப்போம். "வாடகைக்கு விடுகிற இடத்துக்குச் சாதாரண செராமிக் போதும், உங்களுக்கு மார்பிள் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் மேஸ்திரி. கடன் வாங்கிக் கட்டுகிறோம். அப்படியே செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மாடியில் ஒரு டைல் பெயர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து மாற்றிவிடுவீர்கள். கீழே கட்டிலும் பீரோவும் போட்டு, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கும்போது தரையை உடைக்க நினைத்துப் பாருங்கள். அடிக்கடி கை வைக்க வேண்டியிராத தரைதான் வாடகைத் தளத்துக்கு ஏற்றது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மாடியில் பிடியுங்கள்.

நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை யாரும் தூக்கி வருவதில்லை, விளிம்பில் உருட்டித்தான் வருவார்கள். குடி மாறும்போதெல்லாம் பீரோ இழுபடும். மலிவான செராமிக்கில் நிறமும் வழவழப்பும் மேற்பூச்சில்தான் இருக்கின்றன. அது சில்லு பெயர்ந்தால் உள்ளே வேறு நிறம் பல்லை இளிக்கும். ஆகவே இரண்டு தளங்களுக்கும் டபுள் சார்ஜ் விட்ரிஃபைட் (கண்ணாடிபோல இறுகச் சுட்ட) டைல்ஸ் வாங்குங்கள். அதில் நிறம் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். விட்ரிஃபைட் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது என்பதால் கறையும் எளிதில் பிடிக்காது. மார்பிள் போல அச்சடித்த பளபளப்பான வகைகள் கடையில் கண்ணைப் பறிக்கும். அவற்றிலும் நிறம் மேலோடு நின்றுவிடுகிறது.

அசல் மார்பிளோ சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்திய இடம் மங்கிப்போகும். நம் சமையலறைக்கும் அதற்கும் ஒத்துவராது. ஆசையாக இருந்தால் பூஜை அறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு தளங்களுக்கும் ஒரே டைல்ஸ் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், உதிரி. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். உங்கள் 1,400 சதுர அடிக்கு 91 பெட்டிகள். வெட்டுச் சேதாரத்துக்கும் கையிருப்புக்குமாக 9 பெட்டிகள் கூடுதலாக வாங்குங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஷேட் எண் (நிறச்சாயலைக் குறிக்கும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நிறத்தைக் கடையில் தேடினால் கிடைக்காது. இரண்டு மூன்று பெட்டிகளைப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிடுங்கள்.

விட்ரிஃபைட் நீர் உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டும் பசை கேளுங்கள். டைல்ஸுக்கு இடையே ஸ்பேசர் என்னும் சிறு பிளாஸ்டிக் துண்டு வைத்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். பொள்ளலாக ஒலிக்கிற டைலை அப்போதே எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குளியலறைத் தரைதான் கீழே இருப்பவர்களின் கூரை. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர் இணைப்புகள் வழியாக இறங்கிவிடும். தடுக்க வேண்டியது அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. குளியலறைக்கு ஓர் அடிச் சதுர, சொரசொரப்பான டைல்ஸ் எடுங்கள். கால் வழுக்காது என்பதோடு, சிறிய டைல்ஸில்தான் வாட்டம் ஒழுங்காக வரும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்கட்டும். இரண்டு தளங்களிலும் குளியலறை இணைப்புகளுக்கு மட்டும் எபாக்சி கிரௌட் (இடைவெளியை நிரப்பும் பிசின் கலவை) போடுங்கள், விலை கூடுதல்தான். ஆனால் கழுவுகிறவர்கள் ஆசிட் ஊற்றுவதை உங்களால் தடுக்க முடியாது, சிமெண்ட் கிரௌட்டை ஆசிட் அரித்துவிடும்.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் பதிப்பதற்கு முன், மாடிக் குளியலறையின் வடிகாலை அடைத்து, தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழே போய்க் கூரையைப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால் மட்டும் மேஸ்திரியை உள்ளே விடுங்கள்.