குறுகிய தெருவில் கார் பழகலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் குடியிருக்கிறோம். மாமியாரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், எல்.எல்.ஆர். எடுத்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பயிற்சியாளருடன் கடற்கரைச் சாலையில் நன்றாகவே ஓட்டுகிறேன். வீட்டுக் காரை எங்கள் தெருவில் எடுத்தால் மட்டும் வண்டி ஆஃப் ஆகிறது, கை நடுங்குகிறது. "இந்தத் தெருவில் பழக முடியாது, ஈ.சி.ஆர். போய்ப் பழகு" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவருடன் உடன்படவில்லை. ஈ.சி.ஆரில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது வேகமாகப் போவதை. உங்கள் தெரு உங்களிடம் கேட்பதோ மெதுவாகப் போவதை. இரண்டும் வேறு வேறு பயிற்சிகள். பழைய ஊரில் வசிப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் வர வேண்டும். வேகம் குறைவாக இருக்கும் இடத்தில் தவறு நேர்ந்தாலும் சேதம் பெரும்பாலும் பம்பரோடு போய்விடும்.

கடற்கரைச் சாலையில் நன்றாக ஓட்டியதாகச் சொல்கிறீர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பல நேரங்களில் கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நகர்த்துவது அவருடைய கால்தான். அந்த உதவி இல்லாததால்தான் வீட்டுக் கார் நின்றுவிடுகிறது. மீதமுள்ள வகுப்புகளில், அவசரம் நேர்ந்தாலொழிய பெடல்களில் கால் வைக்க வேண்டாம் என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். பணம் கட்டிக் கற்றுக்கொள்பவர் நீங்கள்.

அடுத்த வேலை, ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிப்பது. பட்டினப்பாக்கம் பக்கம் சமதளமான, ஆள் நடமாட்டம் குறைந்த உட்சாலை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை நிறுத்துங்கள். இடது குதிகாலைத் தரையில் ஊன்றி, முதல் கியரில் கிளட்சை மிக மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் சற்றுக் கனத்து, ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு தெரியும். காலை அங்கேயே நிறுத்திப் பிரேக்கை விட்டால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் நகரும். அந்த இடத்தை உங்கள் கால் தானாகக் கண்டுபிடிக்கும்வரை இதை மட்டுமே செய்யுங்கள். பிறகு இதையே ரிவர்ஸ் கியரிலும் செய்யுங்கள். உங்கள் தெருவில் எதிரே ஓர் ஆட்டோ வந்து நின்றால், யாருக்குப் பின்னால் இடம் இருக்கிறதோ அவர் பின்வாங்குவதுதான் நடைமுறை. அது நீங்களாக இருக்கும் நாளில் கை நடுங்காமல் இருக்க இந்தப் பயிற்சி வேண்டும்.

இடப்பக்க மதிப்பீட்டுக்கு ஒரு காலி பிளாஸ்டிக் குடம் போதும். அதைச் சாலையோரம் வைத்து, இடது பக்கம் ஒரு முழம் விட்டுக் கடப்பதாக எண்ணி ஓட்டி, நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண் சொல்லும் கணக்குக்கும் உண்மையான இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும். நாலைந்து முறைக்குள் கண் திருந்திவிடும்.

இவை கைவந்த பிறகு மாட வீதிகளுக்கு வாருங்கள். தேர் வலம் வரும் வீதிகள் என்பதால் அவை சித்திரக்குளத்துச் சந்துகளைவிட அகலமானவை. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் பரவும் முன்பே சுற்றி வந்துவிடுங்கள். பங்குனிப் பெருவிழா நாட்களில், குறிப்பாக அறுபத்துமூவர் அன்று, காரை வெளியே எடுக்கவே வேண்டாம். லஸ், கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ பணிக்கான தடுப்புகளும் ஒருவழிப் பாதைகளும் மாறியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவமனைக்குப் போகும் வழியை முதலில் மாமியார் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே வண்டி நிறுத்த இடம் எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

உரிமம் கைக்கு வரும்வரை, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' போர்டும் கட்டாயம். உங்கள் வீட்டுக் காரில் இரட்டைப் பெடல் இல்லாததால், பக்கத்தில் அமரும் கணவரின் கை ஹேண்ட்பிரேக்கை எட்டுகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். அவர் அதற்குத்தான் தேவை. அறிவுரைகளை வீடு திரும்பிய பிறகு சொல்லட்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே தேதி வாங்காதீர்கள். ஈ.சி.ஆர். உரிமம் வாங்கிய பிறகு, வார நாள் காலை ஒன்றில் இருக்கட்டும்.

கடலோரத்தில் இருப்பதால் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். காலையில் ராதாகிருஷ்ணன் சாலை வழியாகக் கடற்கரை நோக்கி வந்தால் வெயில் நேரே கண்ணில் அடித்து, குறுக்கே நடப்பவர் தெரியாமல் போகக்கூடும். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டே கிளம்புங்கள். இரண்டு மூன்று நாள் நின்ற வண்டியில், உப்புக்காற்றின் ஈரத்தால் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படர்ந்து, முதல் மிதிக்குக் கரகரவென்று சத்தம் வரும். பயந்துவிட வேண்டாம், தெருவைத் தாண்டும் முன்பே சிலமுறை மிதித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.