சார்மிங் வேறு, ஃபேசினேட்டிங் வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டீச்சர், சார்மிங், ஃபேசினேட்டிங் இரண்டுக்குமே என் அகராதியில் 'மனங்கவர்' என்றுதான் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதலாமா? (கல்லூரி மாணவி)

எழுதக்கூடாதும்மா. ஒரு சிலந்தி வலை பின்னுவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறாய். அது ஃபேசினேட்டிங். யாரும் அதைச் சார்மிங் என்று சொல்லமாட்டார்கள். எரிமலை, கரையான் புற்று, கொலை வழக்கு விசாரணை, அரிய நோய் எல்லாமே ஃபேசினேட்டிங்தான். அழகாகவோ நல்லதாகவோ இருக்க வேண்டியதில்லை. நம் அறிவை நகரவிடாமல் பிடித்து வைத்தால் போதும்.

சார்மிங் என்றால் பிடித்துப்போக வேண்டும். இதமாகப் பேசிப் பழகும் மனிதர், தோட்டத்தோடு கூடிய சின்ன ஓட்டு வீடு, ஒரு சிறுமியின் சிரிப்பு. அளவில் பெரியதற்கு இந்தச் சொல் ஒட்டாது. இமயமலையைச் சார்மிங் என்று எழுதினால் மலையையே சிறிதாக்கிவிடுவோம்.

ஃபேசினேட்டுக்கும் கண் திருஷ்டிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது. லத்தீனில் ஃபாஸ்கினாரே என்றால் மந்திரத்தால் கட்டிப்போடுவது. ரோமர்கள் கண்ணேறுக்கு நம்மைப் போலவே அஞ்சினார்கள். குழந்தைகளின் கழுத்தில் ஃபாஸ்கினும் என்ற தாயத்தைக் கட்டினார்கள். அது ஆண்குறி வடிவில் இருக்கும். போரில் வென்று ஊர்வலம் வரும் தளபதியின் தேருக்கு அடியிலும் அதைத் தொங்கவிட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். பிறரின் பொறாமைதான் பயம்.

பாம்பு உற்றுப் பார்த்தே இரையை அசையவிடாமல் செய்துவிடும் என்று ஐரோப்பியர் நம்பிய காலத்தில், அதற்கும் ஃபேசினேட் என்றே சொன்னார்கள். அந்தப் பிடி இன்றும் சொல்லில் இருக்கிறது.

அப்படியானால் சார்ம், என்சான்ட் இரண்டும் மந்திரச் சொற்களா?

இரண்டுமே. சார்முக்கு மூலம் லத்தீன் கார்மென்: பாட்டு, மந்திரம். என்சான்ட்டின் மூலம் பாடுதல். நாம் 'ஓதிக் கட்டுவது' என்கிறோமே, அதேதான். சார்ம் தேய்ந்து அன்றாடச் சொல்லாகிவிட்டது. என்சான்ட்டிங்கில் தேவதைக் கதையின் வாசனை இன்னும் இருக்கிறது. நிலவொளியில் ஒரு ஏரி, உருக்கும் குரல் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாமர் என்றால் கவர்ச்சி உடைதானே? (சினிமா ரசிகர்)

அது நம் சினிமாப் பத்திரிகைகள் சுருக்கிய பொருள். கிளாமர், கிராமர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது! இடைக்கால ஐரோப்பாவில் கிராமர் என்றால் லத்தீன் படிப்பு. லத்தீன் படித்தவனுக்கு மாந்திரீகமும் தெரியும் என்று படிக்காத மக்கள் நம்பினார்கள். ஸ்காட்லாந்தில் அச்சொல் கிளாமராகத் திரிந்து, இல்லாததை இருப்பதுபோல் காட்டும் கண்கட்டு வித்தையைக் குறித்தது. அந்நாட்டு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் எழுத்து வழியாக 19ஆம் நூற்றாண்டில் பரவியது. இன்று விமானி வேலையின் கிளாமர், பாரிஸ் நகரத்தின் கிளாமர் என்றெல்லாம் எழுதலாம். தூரத்தில் மின்னுவது கிட்டப் போனால் அப்படியே இருக்காது என்ற சாயலும் அதில் உண்டு.

மெஸ்மரைஸ் ஒருவரின் பெயரா?

ஆமாம், ஃபிரான்ஸ் மெஸ்மர், 1734இல் பிறந்த மருத்துவர். உடலுக்குள் ஓடும் ஒரு காந்தத் திரவத்தைச் சரிசெய்து நோய் தீர்ப்பதாகச் சொல்லி வியன்னாவிலும் பாரிசிலும் கூட்டம் சேர்த்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, அப்படி ஒரு திரவமே இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்றது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாசியேயும் அதில் இருந்தார்கள். ஆள் தோற்றார், பெயர் மெய்மறக்கச் செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லாக நிலைத்தது.

காப்டிவேட்டிங், என்த்ராலிங்?

காப்டிவ் என்றால் சிறைப்பட்டவன். த்ரால் என்றால் அடிமை. தமிழும் இதே வழியில் யோசித்திருக்கிறது பாருங்கள்: 'ஆநிரை கவர்தல்' என்பதில் கவர்தல் என்றால் பறித்துச் செல்வதுதான். முதல் பார்வையிலேயே பறிப்பது பெரும்பாலும் காப்டிவேட்டிங். கடைசி ஓவர்வரை இருக்கையின் நுனியில் உட்காரவைக்கும் ஆட்டம் என்த்ராலிங்.

ஓய்வுபெறும் மேலதிகாரிக்கான மடலில் 'அல்யூரிங் பெர்சனாலிட்டி' என்று எழுதியிருக்கிறேன். சரியா மேடம்?

தயவுசெய்து மாற்றிவிடுங்கள், தம்பி. பறந்துபோன வல்லூறைத் திரும்ப வரவழைக்க வேட்டைக்காரர் கயிற்றில் சுழற்றும் இறகுக் கொத்துக்குப் பெயர் லூர். ஆசை காட்டி இழுப்பது என்ற பொருள் இன்றும் அல்யூரிங்கில் இருக்கிறது. மனிதரைச் சொன்னால் உடற்கவர்ச்சி என்றே பெரும்பாலும் பொருள்படும். 'சார்மிங்' போதும்.

லண்டனில் வரிசையில் நிற்கும்போது ஒருவர் இடித்துக்கொண்டு முன்னால் போனார். பக்கத்தில் நின்ற பெண்மணி 'சார்மிங்!' என்றார். பாராட்டா அது?

இல்லை. 'என்ன ஒரு மரியாதை!' என்று நாம் சொல்வோமே, அது. ஒற்றைச் சொல்லாக, குரலை இறக்கிச் சொன்னால் ஆங்கிலேயரிடம் அது கண்டனம்.