மூடிய பைக்குக்குப் பணகுடிக் காற்று வழி விடுமா?

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி ஆண்டு படிக்கிறேன். பழைய 100 சிசி பைக்கில் எஞ்சினை எடுத்துவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து எதிர்கால பைக் ஒன்று வரைந்திருக்கிறேன். இரண்டு சக்கரத்துக்கும் ஹப் (நடுக்குடம்) கிடையாது. முன்சக்கரத்தையும் சேர்த்து ஃபைபரால் மூடியிருக்கிறேன். வள்ளியூரிலிருந்து பணகுடி வரை ஓட்டிக் காட்ட ஆசை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் கவலை எல்லாம் சக்கரத்தில் இருக்கிறது. எனக்கு அந்த மூடிதான் பயம். (ஹப் இல்லாத சக்கரத்தைக் கஷ்டப்பட்டுச் செய்து அதை ஏன் மூட வேண்டும்?)

1950-களில் ரேஸ் பைக்குகளுக்கு இப்படித்தான் முன்சக்கரம் வரை மூடினார்கள். 'டஸ்ட்பின்' ஃபேரிங் (காற்றைக் கிழிக்கும் வெளிமூடி) என்று பெயர். நேராகப் போகும்போது வேகம் கூடியது. பக்கக் காற்றில் வண்டி தடுமாறியது. 1957 சீசனோடு ரேஸில் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் அடித்தால், மூடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். இதைவிட மோசம், லாரி ஒன்று பக்கத்தில் வந்து காற்றை மறைத்துவிட்டு விலகும் நொடி. நீங்கள் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். காற்று போய், திரும்ப வந்து அறையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியின் பக்கத் தோற்றத்தை அட்டையில் அளவு மாறாமல் வெட்டி, ஊசி முனையில் நிறுத்துங்கள். அது சாயாமல் நிற்கும் புள்ளிதான் காற்று அழுத்தும் இடம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இன்னும் கொஞ்சம் முன்னால் நகரும். அப்புறம் நீங்கள் ஏறி உட்கார்ந்து, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். முன் எடையை மொத்த எடையால் வகுத்து, இரண்டு ஆக்சில்களுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கினால், எடை மையம் பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். காற்றுப் புள்ளி அதைவிட முன்னால் தள்ளிப் போகப் போக, காற்று வண்டியின் மூக்கைத் திருப்பும். முன்மூடியைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

சரி, சக்கரம். ஹப் இல்லாததால் பேரிங்கை ரிம்மிலேயே வைக்க வேண்டும். சாதாரண பேரிங் 4 செ.மீ. விட்டம் என்றால், உங்கள் ரிம் பேரிங் 40 செ.மீ. அதே வேகத்தில் அதன் விளிம்பு 10 மடங்கு வேகமாக உரசும். தூசி புகாமல் தடுக்கும் சீலும் அந்த அளவுக்கு நீளம். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் புகுந்தால் தேய்ந்துவிடும். பின்லாந்தில் விற்கும் வெர்ஜ் டிஎஸ் பைக்கிலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் ஹப் இல்லை, மோட்டாரே ரிம்முக்குள் இருக்கிறது. முன்சக்கரம் நம்ம வண்டி மாதிரிதான். நீங்களும் முன்னால் பழைய ஃபோர்க்கையும் சக்கரத்தையுமே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பதிவான வண்டியை இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விடாது. காலேஜ் மைதானத்தில், ஹெல்மெட்டோடு, காற்று அடங்கிய விடியற்காலையில் முதல் ஓட்டம் ஓடுங்கள்.