ஒரே நாளில் காலி, மாத்தறைக் கோட்டைகள்: கார் பேசும்போது கவனம்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நீர்கொழும்பு, காலி, மாத்தறைக் கோட்டைகளை ஒரே நாளில் காட்ட ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. தெரிந்தவர் மூலம் வந்த சாரதி '100 கிலோமீற்றர் பெக்கேஜ்' என்று மலிவாகச் சொல்கிறார். முழுக் காசையும் முதலே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாத்தறை வரை போய், காலியும் பார்த்து வீடு திரும்ப 300 கிலோமீற்றரைத் தாண்டும். 100 போக மிச்சம் முழுவதும் தனிக் கணக்கு. அதற்கு மேல் 'வெயிட்டிங்' காசு. சிலர் மீற்றரை உங்கள் வாசலிலிருந்து பார்ப்பதில்லை, தங்கள் வீட்டிலிருந்தே கணக்கெடுப்பார்கள். ஏறியதும் மீற்றரைப் போனில் படமெடுங்கள், சாரதி பார்க்கவே எடுங்கள். அதிவேகப் பாதைக் கட்டணம், பார்க்கிங், சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு என்பதை வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முற்பணம் கால்வாசி போதும்.

அடுத்தது காப்புறுதி. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி எடுத்த காரை ஹயருக்கு ஓட்டினால், விபத்து நடந்தபின் நிறுவனம் கையை விரிக்கலாம். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மச்சான் தன் காரில் சும்மா கூட்டிப்போனால் இந்தப் பிரச்சினை இல்லை. பெற்றோலை நீங்கள் அடித்துக்கொடுத்தாலும் அது ஹயர் ஆகிவிடாது. ஆனால் அதே மச்சான் 'நாளுக்கு இவ்வளவு' என்று வாங்கினால் அது ஹயர்தான், சொந்தக்காரன் என்பதால் மாறாது. இதையெல்லாம் பயணிதான் துருவ வேண்டியிருக்கிறது. ஹயர் காருக்கு ஒரு விலைப்பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டவைக்க இவ்வளவு காலமா வேண்டும்?

நீர்கொழும்பை விடுங்கள். அது எதிர்த் திசை, உள்ளே சிறைச்சாலை. 1678 என்று பொறித்த வாசலைத்தான் பார்க்கலாம். ஒரு கோட்டையை இப்படிப் பூட்டி வைத்திருப்பது எனக்கு ஆறவே இல்லை.

காலை 6 மணிக்கே கிளம்பி, கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி நேரே மாத்தறைக்குப் போங்கள். 1761 கிளர்ச்சியில் அடிவாங்கிய ஒல்லாந்தர் நில்வளா கங்கையோரம் கட்டிய நட்சத்திரக் கோட்டை சின்னது. வாசலில் 1765 என்றிருக்கும். ஆறு முனை, சுற்றிலும் அகழி. அரை மணி நேரம் போதும், அப்பாவுக்கும் சிரமமில்லை.

பிறகு காலி. மதிய வெயிலில் மதிலில் ஏற்றாதீர்கள், நிழல் கிடையாது. உள்ளே சாப்பிட்டு, ஒல்லாந்தர் தேவாலயத்தில் ஆறியிருந்து, நாலு மணிக்குப் பிறகு வெளிச்சவீட்டுப் பக்கம் காரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்; அங்கிருந்து மதில் கிட்ட. மதிலில் நடக்க ரிக்கற் இல்லை. யாராவது கேட்டால் நகருங்கள்.

வழியில் 'மூலிகைத் தோட்டம், இரத்தினக்கல் கடை, சும்மா பார்க்கலாம்' என்று சாரதி திருப்பினால் இறங்கவே வேண்டாம். நீங்கள் வாங்குவதில் அவருக்குக் கொமிஷன் உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும். மிச்சக் காசை வீட்டு வாசலில் இறங்கி, மீற்றரை மறுபடி படமெடுத்த பிறகு கொடுங்கள்.