அடுப்பைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கட்டுங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அக்கா, எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம். அடுத்த மாசம் வீட்டுக்காரரோட ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வர்றேன். சீர்ப் பாத்திரத்தை எல்லாம் கட்டிட்டுப் போன்னு அம்மா சொல்றாங்க. எதுவும் வேண்டாம், அங்கேயே வாங்கிக்கலாம்னு அவர் சொல்றார். பார்க்க அழகாவும் இருக்கணும், தினமும் சமைக்கவும் ஆகணும். எதைக் கொண்டுவரட்டும், எதை அங்கே வாங்கட்டும்?"

உங்கள் கேள்வியைச் சேலத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன், குகை என்கிற பகுதியில் அம்மா வீடு. தலைக்கு மேலே பரணில் என் சீர்ப் பாத்திரம் பாதி இன்னும் சாக்குப்பையில் கட்டியபடியே கிடக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் குடிபோய் 14 வருடம் ஆகிறது. மீதிப் பாதியை அங்கே கொண்டுபோய், அதில் நிறையப் பாத்திரங்களை ஒருநாள்கூட அடுப்பில் ஏற்ற முடியாமல், இரண்டு முறை வீடு மாறும்போதும் சுமந்து, கடைசியில் திரும்ப இங்கேயே கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் அப்படிச் சுமக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவும் வீட்டுக்காரரும் ஒரு விஷயத்தைக் கேட்க விட்டுவிட்டார்கள். போகிற வீட்டில் என்ன அடுப்பு?

நம் ஊரில் இந்தக் கேள்வியே வராது. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. அடி குழிந்த வாணலியானாலும், உருண்டைப் பானையானாலும், உள்ளங்கை அளவுத் தாளிப்புக் கரண்டியானாலும் நெருப்பு அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் கண்ணாடி போட்ட தட்டையான மின் அடுப்பு. அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கண்ணாடிக்குக் கீழே கம்பிச் சுருள் சிவந்து எரியும், அதைப் பொதுவாகச் செரான் அடுப்பு என்பார்கள். இன்னொன்று இண்டக்‌ஷன். அணைத்து வைத்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் வீடு முடிவாகியிருந்தால் அடுப்பைப் படம் எடுத்து, மாடல் எண்ணோடு அனுப்பச் சொல்லுங்கள். சில வீடுகளை வாடகைக்கு விடும்போது சமையலறையே இருக்காது. அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி வரை நாமே வாங்கிப் போட வேண்டும். அப்படி அமைந்தால் யோசிக்காமல் இண்டக்‌ஷன் வாங்குங்கள். கேஸ் மாதிரி கூட்டினால் உடனே கூடும், குறைத்தால் உடனே குறையும். பால் பொங்கும் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

அடுத்தது காந்தம். என் அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவர். கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. கடைவீதியில் பாத்திரம் வாங்கப் போனால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து டம்ளரின் வயிற்றில் வைப்பார். ஒட்டினால் கீழே வைத்துவிடுவார். வழுக்கி விழுந்தால் முகம் மலரும். 304 என்கிற வகையில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், நிக்கல் சேர்ந்தால் காந்தம் பிடிக்காது, அதுதான் துருப்பிடிக்காத நல்ல எவர்சில்வர் என்று எனக்குப் பத்து வயதில் பாடம் எடுத்தார். பிறகு அவரே ஒரு திருத்தமும் சொன்னார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகையும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் காந்தத்தோடு நிற்காமல் அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா என்று பார், பில்லும் வாங்கு என்றார்.

அந்தப் பாடத்தை நம்பித்தான் ஒட்டாத பாத்திரமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்ததோ இண்டக்‌ஷன். காந்தம் ஒட்டுகிற அடி இருந்தால்தான் அது சூடாக்கும். என் நல்ல எவர்சில்வர் அத்தனையும் அடுப்பின் மேல் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய பாத்திரத்துக்கு இரண்டு குணம் வேண்டும். சாப்பாடு படுகிற உட்புறம் 304 ஆக இருக்க வேண்டும். அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடும், நடுவில் சூட்டைப் பரப்ப அலுமினியமும் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். ட்ரை-ப்ளை (மூன்றடுக்கு) என்று இப்போது சேலம் கடைகளிலேயே கிடைக்கிறது. வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அடியில் கப்பென்று பிடிக்க வேண்டும். ஓரத்தில் லேசாக இழுப்பது கணக்கில் சேராது. தகட்டை அழுத்தி இழுத்துப் பாத்திரமாக்கும்போது நல்ல 304-கூட விளிம்பில் கொஞ்சம் காந்தத்தன்மை வாங்கிக்கொள்ளும்.

ஜெர்மனியில் 18/10 என்று அடியில் பார்ப்பீர்கள். 18 குரோமியம், 10 நிக்கல், நம் 304-இன் உறவுதான். ஸ்டுட்கார்ட்டுக்கும் உல்முக்கும் நடுவே கைஸ்லிங்கன் என்று ஓர் ஊர். 1853-இல் அங்கே தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான் டபிள்யூ.எம்.எஃப் என்ற பாத்திர நிறுவனம். அந்தப் பெயர் போட்ட கனத்த பானைகளை நம் பாட்டிமார் அண்டாவைக் காப்பதுபோல் அங்கே தலைமுறையாகக் காத்து வைத்திருக்கிறார்கள். குழம்புக்கும் சாதம் வடிக்கவும் அப்படிப்பட்ட பானை இரண்டு போதும். அதை அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து சுமப்பதில் அர்த்தமில்லை.

சரி, இங்கிருந்து எதைக் கொண்டுபோவது? முதலில் மிக்ஸி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் முனை மட்டும்தான் வேறு, நல்ல அடாப்டர் போட்டால் போதும். அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு இந்த வார்த்தை பொருந்தாது, அங்கே மின்சாரமே வேறு. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தேங்காய்ச் சட்னி அரைக்கும் சின்ன ஜாருக்கு ஈடாக அங்கத்திய பிளெண்டர் எதையும் நான் பார்க்கவில்லை. அது கூழாக்கும், இல்லையென்றால் ஓரத்தில் அப்பிக்கொண்டு சும்மா சுற்றும். கூடவே கப்ளர் இரண்டு, ஜார் மூடியின் வாஷர் இரண்டு வாங்கி வையுங்கள். பத்து ரூபாய்ச் சாமான் இல்லாமல் மிக்ஸியே நின்றுபோகும். இன்னொன்று, இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே அமைதி நேரம். மாவை சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள். கிரைண்டர் வேண்டாம். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்றால் அதில் பாதியைக் கல்லே தின்றுவிடும்.

இட்லிக்குத் தட்டை மட்டும் கொண்டுபோங்கள், பானை வேண்டாம். தட்டின் விட்டத்தையும் அடுக்கின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, அது உள்ளே இறங்கும் உயரமான பானையை அங்கே வாங்கிவிடலாம். பானைகள் 16, 20, 24 சென்டிமீட்டர் என்று அளவு போட்டே விற்கிறார்கள். முறுக்கு அச்சு, சந்தகை பிழியும் அச்சு, காபி ஃபில்டர், டவரா செட் இதெல்லாம் கனமும் இல்லை, அங்கே லேசில் கிடைப்பதும் இல்லை. அதனால் கட்டாயம். நெய் டப்பாவை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், பால் பொருள் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பாவில் அனுமதி இல்லை.

குக்கர் 3 லிட்டரில், இண்டக்‌ஷன் அடி போட்ட எவர்சில்வராக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் உபரியாக இருக்கட்டும். அங்கத்திய குக்கர் விசில் அடிக்காது. மூடியில் ஒரு குமிழ் எழும்பும், அதிலுள்ள கோட்டைப் பார்த்து நிமிடக் கணக்கு வைக்க வேண்டும். மூணு விசில், நாலு விசில் என்று வளர்ந்த நமக்கு அது கைக்கு வர நாளாகும்.

தோசைக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். வார்ப்பிரும்பு இண்டக்‌ஷனில் அருமையாக வேலை செய்யும். ஆனால் நம் பழைய கல்லுக்கு நடுவில் லேசாகக் குழி இருக்கும். தட்டைக் கண்ணாடியில் வைத்தால் நடு மட்டும் தொடும், சுழன்று ஆடும். தோசை நடுவில் கருகி ஓரத்தில் பச்சை மாவாக நிற்கும். அடி சமதளமாக உள்ள கனத்த வார்ப்பிரும்பாகத் தேடுங்கள். அடுப்பின் வட்டத்தைவிடக் கல் ரொம்பப் பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். பழக்குவதை இங்கேயே, அம்மா வீட்டு கேஸ் அடுப்பில் முடித்துவிடுங்கள். அரிசி வடித்த கஞ்சியில் ஒரு நாள் ஊற வைத்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியால் மெலிசாகத் தேய்த்துப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நாலைந்து முறை செய்யச் செய்ய நரைத்த இரும்பு கருத்து மினுங்கும். எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகப் பிடிப்பதால் வருகிற மினுக்கம் அது. அங்கே போய்ப் பழக்கலாம் என்றிருந்தால் முதல் புகையிலேயே கூரையில் இருக்கும் புகை மணி அலறும். அங்கே அடுப்பைக் கடைசி எண்ணில் வைத்துக் கல்லைக் காயவிடாதீர்கள், பாதியில் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள்.

பணியாரக் கல்லின் அடி உருண்டை என்பதால் கண்ணாடி அடுப்புக்கு ஆகாது. டென்மார்க்காரர்கள் ஏப்ளஸ்கீவர் என்ற இனிப்பு உருண்டை சுட வார்ப்பிரும்பில் ஏழு குழிச் சட்டி வைத்திருக்கிறார்கள். அசப்பில் நம்முடையதுதான். அடி தட்டையாகப் பார்த்து வாங்கினால் குழிப் பணியாரம் குறையில்லாமல் வரும்.

கல்சட்டியை மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். சேலத்துக்காரிக்கு இதைச் சொல்ல மனசு வருவதில்லை. பாட்டி வைத்திருந்த மாக்கல் சட்டி ஒன்றைப் புடவையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். நான் குடியிருந்த ஒரு வீட்டில் இருந்தது செரான் அடுப்பு. வத்தக்குழம்பு வைத்து நடு எண்ணில் விட்டிருந்தேன். கண்ணாடிக்குக் கீழே சுருள் எரிவதும் அணைவதுமாகத்தான் சூட்டைக் கொடுக்கும், எரியும்போது முழு வேகத்தில் எரியும். கரடுமுரடான கல் அடியில் அந்தச் சூடு சமமாக ஏறவில்லை. டப்பென்று ஒரு சத்தம், சட்டி இரண்டாகப் பிளந்து குழம்பு கண்ணாடியெங்கும் ஓடியது. நாற்பது வருடம் சிறு தீயில் பழகிய சட்டி. ஈயச் சொம்பும் வேண்டாம். அது செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், இண்டக்‌ஷனிலோ சூடே ஏறாது. ரசத்துக்கு எவர்சில்வரே போதும்.

தாளிப்புக் கரண்டியையும் இண்டக்‌ஷன் கண்டுகொள்ளாது, அடி அவ்வளவு சின்னது. 12 சென்டிமீட்டர் அடியுள்ள குட்டிச் சட்டி ஒன்று வாங்குங்கள். விளிம்பு உயரமாக இருக்கட்டும். பெரும்பாலும் சமையலறையும் கூடமும் ஒன்றாகவே இருக்கும், கடுகு சோபா வரை தெறிக்கும்.

அழகைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். சமையலறை கூடத்திலேயே இருப்பதால் எல்லாமே பார்வையில்தான் இருக்கும். அடுப்பிலிருந்து அப்படியே மேசைக்கு வருகிற பாத்திரம் ஒன்று இருந்தால் வீடே நன்றாக இருக்கும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பானையைச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் திறந்தவெளியில் ஃப்ளோமார்க்ட் என்ற பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு வயதான அம்மாவிடம் கருநீலத்தில் ஒன்று வாங்கினேன். உள்ளே எனாமல் பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மூடி ஆடாமல் உட்கார வேண்டும், அடி சமமாக இருக்க வேண்டும். வெறும் இரும்பில் புளி பட்டால் கருக்கும், எனாமலில் அந்தக் கவலை இல்லை. கல்சட்டி உடைந்த பிறகு என் புளிக்குழம்பெல்லாம் அதில்தான். சூட்டை அதே மாதிரி பிடித்துவைத்துக்கொள்கிறது.

வருகிறவர்கள் பாராட்டுவது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் டவரா செட்டை. ஏற்காடு காபிப்பொடியில் டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும்போது டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து என்ன என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கேட்டார். அம்மாவின் பெயரும் என் பெயரும், கல்யாணத் தேதியும். படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் அந்த டம்ளரையே கேட்கிறார். பல ஊர்களில் தண்ணீர் நம் போர் தண்ணீர் போலவே வெள்ளையாகப் படியும், மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றிக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும்.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: சீரில் டவரா செட் ஆறு, காபி ஃபில்டர், முறுக்கு அச்சு, சந்தகை அச்சு, சின்னக் குக்கர், இட்லித் தட்டு, தட்டையான தோசைக்கல், மிக்ஸி. மற்றதெல்லாம் பரணில் பத்திரமாக இருக்கட்டும், விடுமுறைக்கு வரும்போது புழங்கலாம். டவராவில் பேர் வெட்டாமல் இருந்தால் கிளம்புவதற்குள் கடையில் கொடுத்து வெட்டி வாங்கிவிடுங்கள். அங்கே அதைச் செய்து தர ஆளில்லை.