கேள்வி – பதில்: காணொளியின் நடுவே குறுக்கிடும் விளம்பரங்கள்

கேள்வி: தையல் இயந்திரத்தில் நூல் கோர்க்கும் முறையை யூடியூபில் பார்த்துக்கொண்டே செய்து பழகுகிறேன். இரண்டு கைகளும் நூலைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து விளம்பரம் வந்துவிடுகிறது. தவிர்க்கும் பொத்தானை அழுத்தக் கை ஒழிவதில்லை. கணினியில் பார்க்கும்போது இவற்றை அறவே நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. செலவில்லாத எளிய வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை முதல், 8 நிமிடத்துக்குக் குறையாத காணொளிகளில் மட்டுமே நடுவில் விளம்பரம் செருக யூடியூப் இடம் தருகிறது. அதற்கு முன்பு இந்த எல்லை 10 நிமிடமாக இருந்தது. மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியைச் சிலர் ஏன் எட்டரை நிமிடத்துக்கு இழுக்கிறார்கள் என்று வியந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். ஏழு நிமிடப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்தில் ஒரு விளம்பரம் வரலாம். ஊசிக் காதில் நூல் நுழையும் வேளையில் வராது.

அறவே நிறுத்த வேண்டுமென்றால், உலாவியில் விளம்பரத் தடுப்பு நீட்சி (உலாவியோடு சேர்ந்து இயங்கும் சிறு நிரல்) ஒன்றைச் சேர்க்க வேண்டும். பொதுவான இணையதளங்களில் விளம்பரங்கள் வேறு முகவரியிலிருந்து வருவதால், அந்த முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு தடுப்பது எளிது. யூடியூபிலோ காணொளி எந்தச் சேவையகங்களிலிருந்து வருகிறதோ, அங்கிருந்தேதான் விளம்பரமும் வருகிறது. ஆகவே வீட்டு இணைப்பில் முகவரிகளை மட்டும் தடுக்கும் ஏற்பாடுகள் இங்கே பயன்படுவதில்லை. நீட்சியானது பக்கத்துக்குள்ளேயே நுழைந்து, விளம்பரத்துக்கான குறிப்புகளைப் பிரித்தெடுத்து நீக்க வேண்டியிருக்கிறது. யூடியூப் தன் நிரலை மாற்றுவதும், எவற்றை நீக்க வேண்டும் என்று நீட்சிக்குச் சொல்லும் வடிகட்டிப் பட்டியலைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் அதற்கேற்பத் திருத்துவதும் ஓயாத ஓட்டப்பந்தயம். நேற்று வேலை செய்த தடுப்பான் இன்று செயலிழந்தால் கணினியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஓரிரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடுப்பான் வைத்திருப்போரைக் கண்டறிந்து, மூன்று காணொளிகளுக்குப் பிறகு இயக்கம் நின்றுவிடும் என்று எச்சரிக்கும் முறையையும் யூடியூப் 2023இல் கொண்டுவந்தது.

நீட்சிகளில் யூபிளாக் ஆரிஜினையே பரிந்துரைப்பேன். 2014 முதல் இருந்துவரும் இது இலவசமானது. இதன் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். நீட்சிகளுக்கான விதிகளைக் குரோம் மாற்றியதால் அதில் இப்போது இதன் சுருங்கிய வடிவமான 'லைட்' மட்டுமே கிடைக்கிறது. முழு வடிவம் வேண்டுவோர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு மாறலாம்.

நிறுவும்போது ஒரு நொடி நின்று திரையைப் படியுங்கள். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் வரி ஒன்று அங்கே இருக்கும். விளம்பரத்தை நீக்க அந்த அனுமதி தேவைதான். ஆனால் நீங்கள் வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போதும் அந்த அனுமதி பொருந்தும். 2018இல் குரோம் நீட்சிக் கடையில் பிரபலத் தடுப்பான்களைப் போலவே பெயரும் படமும் கொண்ட போலிகள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன. அதற்குள் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அவற்றை நிறுவியிருந்தார்கள். எனவே கடையில் தேடி முதலில் கண்ணில் படுவதை எடுக்காமல், உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலுள்ள இணைப்பின் வழியாகச் செல்லுங்கள்.

கேள்வி: கைபேசியில் விளம்பரமே வராத 'திருத்தப்பட்ட யூடியூப்' செயலி ஒன்றை நண்பர் அனுப்பியிருக்கிறார். நிறுவலாமா?

பதில்: வேண்டாம். இந்த வகையில் பெரும் புகழ் பெற்ற வேன்ஸ்டு என்னும் செயலியே, கூகுளின் சட்ட நடவடிக்கைக் கடிதத்துக்குப் பிறகு 2022 மார்ச்சில் மூடப்பட்டது. யார் தொகுத்தது என்று தெரியாத செயலிக்குள் உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை இடுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம். ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்ஃபாக்ஸில் மேற்சொன்ன நீட்சி இயங்குவதால், யூடியூபைச் செயலியாகத் திறக்காமல் அந்த உலாவியில் திறந்து பாருங்கள். செயலியின் வசதிகளில் சில குறையும். கணக்கு பத்திரமாக இருக்கும்.

கேள்வி: ஸ்மார்ட் டிவியில்?

பதில்: டிவியின் யூடியூப் செயலியில் நீட்சிகளைச் சேர்க்க முடியாது. தடுப்பான் உள்ள கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியுடன் இணைத்துப் பார்க்கலாம், இல்லையேல் யூடியூபுக்குப் பணம் கட்டி விளம்பரமின்றிப் பார்க்கும் பிரீமியம் சந்தாதான்.

கேள்வி: பிரீமியம் சந்தா கட்டியும் விளம்பரம் வருகிறதே, ஏன்? மேலும், தடுப்பான் வைப்பது தவறு என்கிறார்கள்; உங்கள் கருத்து என்ன?

பதில்: நீங்கள் பார்ப்பது, காணொளியை உருவாக்கியவரே பேச்சின் நடுவில் ஒரு பொருளைப் புகழும் பகுதியாக இருக்க வேண்டும். அது படப்பிடிப்பிலேயே கலந்துவிட்டதால் யூடியூபால் நீக்க இயலாது. பார்வையாளர்கள் கூடி அத்தகைய பகுதிகளின் நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்பான்சர்பிளாக் என்னும் நீட்சி, அவற்றைத் தாண்டிச் செல்ல உதவும். நீங்கள் கட்டுவது 'பிரீமியம் லைட்' சந்தாவாக இருந்தால், இசைக் காணொளிகளிலும் ஷார்ட்ஸிலும் விளம்பரம் வருவது அதன் நிபந்தனையிலேயே உள்ளது.

தடுப்பான் யூடியூபின் பயன்பாட்டு விதிகளுக்கு முரணானது. நீண்ட காணொளிகளின் பக்கத்தில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு அதை உருவாக்கியவருக்குச் செல்கிறது. தடுத்தால் அந்தப் பங்கும் நிற்கும். சந்தாதாரர் பார்த்தாலோ, பார்த்த நேரத்துக்கேற்ப அவருக்குச் சந்தாவில் பங்கு உண்டு. ஆகவே தினமும் மணிக்கணக்கில் பார்ப்பவர், இயலுமானால் சந்தா கட்டுவதே முறை என்பது என் எண்ணம். இயலாதவர், தாம் மதிக்கும் ஓரிரு சேனல்களுக்கு மட்டுமாவது தடுப்பானை விலக்கி வைக்கலாம். அதற்கான வசதி பல தடுப்பான்களில் உண்டு.

கேள்வி: விளம்பரம் வருவதைப் பொறுத்துக்கொள்வேன், பிள்ளைகள் அருகில் இருக்கும்போது சூதாட்ட விளம்பரம் வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பதில்: விளம்பரம் ஓடும்போது அதன்மேல் தெரியும் சிறிய தகவல் குறியையோ மூன்று புள்ளிகளையோ அழுத்தினால், 'எனது விளம்பர மையம்' திறக்கும். அந்த விளம்பரத்தை அங்கேயே தடுக்கலாம், புகாரும் அளிக்கலாம். அதே மையத்தில் மது, சூதாட்டம், டேட்டிங், உடல் எடைக் குறைப்பு, கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும் ஆகிய வகைகளைக் குறைக்கும் தெரிவுகள் உள்ளன. குறைக்கும் என்றுதான் கூகுள் சொல்கிறது, நிறுத்தும் என்று சொல்லவில்லை. இந்தத் தெரிவு உங்கள் கணக்கோடு சேர்ந்தது என்பதால், பிள்ளைகள் பார்க்கும் கருவியில் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.