ஒரே இணைப்பை மாதம் ஒருமுறை செய்து பாருங்கள்

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் மரவேலை செய்கிறீர்கள், நான்காவது ஸ்டூலும் ஆடுகிறது, முன்னேறியிருக்கிறேனா என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முடித்த பொருள்களை எண்ணினால் கைத்திறன் தெரியாது. ஒவ்வொன்றிலும் மரம் வேறு, அளவு வேறு. எதை எதோடு ஒப்பிடுவது? நான் மாதம் ஒருமுறை, ஒரே பலகையிலிருந்து அறுத்த தேக்குத் துண்டுகளில், ஒரே அளவில் கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) அதற்கான துளையும் செதுக்குகிறேன். பசை போடாமல் பொருத்தி, இடுக்கில் சாதாரண ஏ4 தாளை நுழைத்துப் பார்ப்பேன். அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. முதல் துண்டில் ஏழு தாள்கள் நுழைந்தன. ஓராண்டு கழித்து இரண்டுதான். தேதியையும் தாள் கணக்கையும் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுவேன். நேரத்தை இப்போது கணக்கிடாதீர்கள், அவசரம் உளியைக் கெடுக்கும்.

அதற்கு முன், செங்கோணம் பார்க்கும் கருவியான மூலைமட்டத்தைச் சோதித்துவிடுங்கள், இது மிக முக்கியம். நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், விலகலில் பாதி மட்டத்தின் பிழை. இதை அறியாமல் ஆறு மாதம் என் கையை நொந்துகொண்டேன்.

ஸ்டூலைச் சமையலறை கிரானைட் மேடையில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆடாவிட்டால், மேடுபள்ளம் உங்கள் தரையில்தான்.